ஸ்விர்ல் வழியாக ஆர் மொழி கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் புள்ளியியலும் விவசாயமும் பொருளாதாரமும் படிக்கிற பிள்ளைகள் ஆர் மொழியைத் தொடும்போது கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிற ஆள்தான் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், வேறு எதுவும் சொல்லாவிட்டால் சிறிய எழுத்தில்.

அண்ணா, ஆர், ஆர் ஸ்டுடியோ, ஸ்விர்ல், மூணும் ஒண்ணுதானா?

இல்லை. ஆர் என்பது மொழி. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் உருவாக்கியது, அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. ஆர் ஸ்டுடியோ என்பது அந்த மொழியில் வசதியாக எழுதுவதற்கான மென்பொருள், ஆர் இல்லாமல் அது மட்டும் இருந்து பயனில்லை, அதனால் முதலில் ஆரைப் போட்டுவிட்டு அப்புறம் இதைப் போட வேண்டும்.

ஸ்விர்ல் ஆருக்குள்ளே நிறுவுகிற ஒரு பேக்கேஜ், அதாவது கூடுதல் வசதி தருகிற தொகுப்பு, அதுதான் நமக்கு வாத்தியார். திரையில் இரண்டு வரி சொல்லும், இதை அடித்துப் பார் என்று கேட்கும், நீங்கள் அடித்ததும் சரியா தவறா என்று அங்கேயே சொல்லும். நீங்கள் அடிப்பது நிஜ ஆரில்தான் ஓடுகிறது, அதனால் பாடத்தில் பழகுகிற இடமும் பிறகு வேலை செய்யப் போகிற இடமும் ஒன்றாகவே இருக்கும். வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லாம் புரிந்த மாதிரி இருந்து, கை வைத்ததும் ஒன்றும் வராமல் நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காசு கட்டணுமா சார்?

வேண்டாம். மூன்றும் இலவசம்.

என்கிட்ட இருக்கிறது ஸ்கூல்ல அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். அதுல ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பது. 2022-இல் வந்த ஆர் 4.2.0 முதல் 32 பிட்டுக்கு ஆதரவு கிடையாது, அதற்குக் கடைசியாக வந்தது 4.1.3. பழைய பதிப்புகள் எல்லாம் ஆரின் அதிகாரப்பூர்வத் தளமான சிரானிலேயே வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம். ஸ்விர்லின் அடிப்படைப் பாடங்களுக்கு அந்தப் பழைய பதிப்பே தாராளமாகப் போதும்.

ஆர் ஸ்டுடியோ அந்த லேப்டாப்பில் ஏறவில்லை, அல்லது ஏறினாலும் திணறுகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள். ஆருடனேயே வருகிற சாதாரண கன்சோலில், அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னலில், ஸ்விர்ல் நன்றாக ஓடும்.

போன்ல பண்ண முடியாதா?

பிரவுசரில் ஓடுகிற போசிட் கிளவுட் என்று ஒரு சேவை இருக்கிறது, இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு உண்டு. போனில் அதைத் திறக்கலாம். ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோளும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படுகிற வேலை இது, சின்னத் திரையில் அடித்து அடித்து அலுத்துப்போய் பாதியில் விடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கல்லூரி லேபில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி உட்காருவது மேல்.

இன்ஸ்டால் பண்ணும்போதே எரர் வருது, என்ன செய்ய?

ஆர் ஸ்டுடியோவில் இருந்தால் டூல்ஸ் மெனுவில் இன்ஸ்டால் பேக்கேஜஸ் என்பதைத் திறந்து ஸ்விர்ல் என்று பெயரை மட்டும் கொடுங்கள், முடிந்தது. கட்டளையாக அடிக்கிறவர்கள் இன்ஸ்டால் டாட் பேக்கேஜஸ் என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் ஸ்விர்ல் என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு மாறி இருக்கிறதா என்று ஆர் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். எனக்கு வருகிற ஸ்கிரீன்ஷாட்டுகளில் பாதி இந்த எரர்தான்.

அடுத்து லைப்ரரி(ஸ்விர்ல்) என்று அடியுங்கள், அப்புறம் ஸ்விர்ல்() என்று வெறும் அடைப்புக்குறியோடு. நிறுவுவது ஒரே தடவை, ஆனால் இந்த இரண்டு வரியை ஆரைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டும். "நேத்து வேலை செஞ்சுச்சு, இன்னிக்கு ஸ்விர்ல்னு அடிச்சா தெரியாதுங்குது" என்பதற்குக் காரணம் லைப்ரரி வரியை விட்டதுதான்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அங்கே மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், ஆருக்கு நேர்க்குறிதான் தெரியும். கையால் அடியுங்கள், எப்படியும் கற்றுக்கொள்வதற்குத்தானே இது.

உள்ள போனதும் மூணு புள்ளி மட்டும் வந்து அப்படியே நிக்குது. ஹேங் ஆயிடுச்சா?

இல்லை. மூன்று புள்ளி வந்தால் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் உங்கள் பெயர் கேட்கும், பிறகு எந்தப் பாடத்திட்டம் வேண்டும் என்று எண் போட்ட பட்டியல் காட்டும். புதியவர்கள் ஆர் ப்ரோகிராமிங் என்பதை எடுங்கள். அதில் 15 பாடங்கள், வரிசையாகப் போனால் போதும். பாடத்திட்டம் இறங்குவதற்கு அந்த ஒரு தடவைதான் இணையம் தேவை.

கன்சோல்ல > குறிக்குப் பதிலா கூட்டல் குறி வந்துடுச்சு, என்ன அடிச்சாலும் நகரல.

எங்கேயோ ஓர் அடைப்புக்குறியையோ மேற்கோளையோ மூடாமல் என்டர் தட்டியிருக்கிறீர்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை, மீதியைச் சொல் என்று ஆர் காத்திருக்கிறது. விடுபட்ட குறியைப் போட்டு என்டர் தட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். என்ன விடுபட்டது என்று தெரியாவிட்டால் எஸ்கேப் விசைதான் வழி. ஆனால் பாடத்தின் நடுவில் எஸ்கேப் தட்டினால் ஸ்விர்லை விட்டே வெளியே வந்துவிட வாய்ப்புண்டு, பதற வேண்டாம், மறுபடி ஸ்விர்ல்() என்று அடித்தால் விட்ட இடத்தைக் காட்டும்.

நேத்து பாதிப் பாடம் முடிச்சேன் அண்ணா, இன்னிக்கு முதல்லேர்ந்து வருது.

பெயரை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். ஸ்விர்ல் உங்கள் முன்னேற்றத்தை நீங்கள் கொடுக்கிற பெயரில்தான் சேமிக்கிறது. நேற்று இனிஷியலோடு, இன்று இனிஷியல் இல்லாமல் என்றால் அதற்கு நீங்கள் புது ஆள். ஒரே எழுத்துக்கூட்டலை எங்கேயாவது குறித்து வைத்துக்கொண்டு அதையே கொடுங்கள். லேபில் ஒரே கணினியை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம். நிறுத்தும்போது ஜன்னலை மூடாமல் பை() என்று அடித்து வெளியே வாருங்கள்.

லேபில் வேறு கணினியில் உட்கார்ந்தால், ஒரே பெயரைக் கொடுத்தாலும் வராது. அது அந்தக் கணினியில் இருக்கிற கோப்பு, இணையத்தில் இருப்பதல்ல.

எல்லாம் இங்கிலீஷ்ல வருது. நான் தமிழ் மீடியம், முடியுமா?

முடியும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து இதை முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்விர்லின் ஆங்கிலம் எளிமையானது, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வரிதான் வரும். உங்கள் வேகத்தில் படிக்கலாம், யாரும் பின்னால் நின்று அவசரப்படுத்தப் போவதில்லை. முதல் பாடத்தில் வருகிற முதல் வேலையே 5 + 7 என்று அடிப்பதுதான். விடை 12 வருவதைப் பார்க்க ஆங்கிலம் எதற்கு?

தெரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். வெக்டர், ஆர்க்யுமென்ட், ஃபங்க்ஷன் மாதிரி ஒரு முப்பது நாற்பது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். அவை பழகிவிட்டால் கடைசிப் பாடம் வரை அதே சொற்கள்தான்.

விடை சரியாத்தான் வருது, ஆனா ஸ்விர்ல் தப்புங்குது. ஏன்?

பல கேள்விகளில் அது கிடைத்த மதிப்பை மட்டும் பார்ப்பதில்லை, நீங்கள் எழுதிய முறையையும் பார்க்கிறது. எக்ஸ் என்ற மாறியில் 12 இருக்கும்போது, எக்ஸ் கழித்தல் 3 என்று எழுதச் சொல்லியிருக்க 12 - 3 என்று எழுதினால் விடை 9 தான், ஆனால் மாறியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தக் கேள்வியின் நோக்கம். தவறானால் கீழேயே ஒரு குறிப்பு வரும், அதை முழுதாகப் படியுங்கள், பெரும்பாலும் என்ன அடிக்க வேண்டும் என்பதே அதில் இருக்கும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டும் ஆருக்கு வேறு வேறு என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் இஷ்டத்துக்கு எதையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் ப்ளே() என்று அடியுங்கள். அதன் பிறகு நீங்கள் என்ன அடித்தாலும் ஸ்விர்ல் திருத்த வராது. திரும்பப் பாடத்துக்கு வர என், எக்ஸ், டி என்ற மூன்று எழுத்தும் அடைப்புக்குறியும் போதும். நெக்ஸ்ட் என்று நான்கு எழுத்தையும் அடித்தால் எரர்தான் வரும், ஏனென்றால் அது ஆரில் வேறு வேலைக்கு ஒதுக்கிய சொல்.

இந்த ப்ளேயைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம். ஸ்விர்ல் கொடுக்கிற எண்கள் அதன் எண்கள். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு தடவையாவது ப்ளே போட்டு உங்களுக்குத் தெரிந்த எண்ணை வைத்துப் பாருங்கள். மேட்டூர் நீர்மட்டம் 120, 103, 96 அடி என்று மூன்றை சி(120, 103, 96) என்று வைத்து 0.3048-ஆல் பெருக்கினால் மூன்றும் ஒரே வரியில் மீட்டராக வரும்: 36.5760, 31.3944, 29.2608. வெக்டர் என்றால் என்ன என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

தெரியலேன்னா ஸ்கிப் போடலாமா?

போடலாம், ஸ்கிப்() அடித்தால் சரியான விடையை அதுவே போட்டுவிட்டு நகரும். ஆனால் போட்ட விடையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மேலே சொன்ன மாதிரி ப்ளே போட்டு அதே வரியை நீங்கள் ஒரு தடவை அடியுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு ஸ்கிப் வந்தால் முந்தைய பாடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, மெயின்() அடித்து மெனுவுக்குப் போய் அதை மறுபடி எடுங்கள்.

மிஸ்ஸிங் வேல்யூஸ் பாடம் சுத்தமா புரியல. காலியா இருந்தா 0 போட்டுட்டா முடிஞ்சுதே?

முடியாது. 15-இல் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான், நம்ம பக்கத்துப் புள்ளிவிவரத்தை வைத்துப் பார்த்தால் உடனே புரியும். உதாரணத்துக்கு ஐந்து நாள் மழை மில்லிமீட்டரில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 12, 0, என்.ஏ., 35, 3 (இந்த என்.ஏ.-வைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்). இரண்டாம் நாள் 0 என்றால் மழைமானியைப் பார்த்தார்கள், மழை இல்லை. மூன்றாம் நாள் என்.ஏ. என்றால் யாரும் பார்க்கவில்லை, அன்று கொட்டித் தீர்த்திருக்கலாம், வெயிலும் அடித்திருக்கலாம். அந்த இடத்தில் 0 போட்டு சராசரி எடுத்தால் 50-ஐ 5-ஆல் வகுத்து 10 வரும். அந்த நாளை விட்டுவிட்டு எடுத்தால் 50-ஐ 4-ஆல் வகுத்து 12.5. ஐப்பசி மழையை நம்பி நாற்று விடுகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றா?

சராசரி எடுக்கிற மீன் (mean) என்ற கட்டளைக்கு இந்த வெக்டரை அப்படியே கொடுத்தால் ஆர் என்.ஏ. என்றே பதில் சொல்லும். எரர் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் ஆர் சொல்வது ரொம்ப நேர்மையான பதில்: ஒரு நாள் தெரியாதபோது சராசரியும் தெரியாது. விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று நீங்கள் சொல்ல வேண்டும், அதற்கு என்.ஏ டாட் ஆர்.எம் = ட்ரூ என்று சேர்க்க வேண்டும், ட்ரூ மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில். எந்தெந்த இடம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க இஸ் டாட் என்.ஏ., இதிலும் அந்த என்.ஏ. சிறிய எழுத்தில்தான். இரட்டைச் சமக்குறி போட்டு என்.ஏ.-வோடு ஒப்பிட்டால் எல்லா இடத்திலும் என்.ஏ.தான் வரும், பாடத்திலேயே அதைச் செய்யச் சொல்லிக் காட்டுவார்கள்.

மாவட்ட வாரியாக நெல் சாகுபடிப் பரப்பு எடுத்து புராஜெக்ட் செய்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2020-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மயிலாடுதுறை வரிசையில் வர வேண்டியது என்.ஏ. அங்கே 0 போட்டால் அந்த ஊரில் யாரும் நெல்லே நடவில்லை என்று உங்கள் வரைபடம் சொல்லும். அதே சமயம் நாகப்பட்டினத்தின் பரப்பு திடீரென்று இறங்கியது போலத் தெரியும், அது வறட்சி அல்ல, எல்லை மாறியது. 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்ததிலும் 1997-இல் திருவாரூர் உருவானதிலும் இதே கதைதான். ஆர் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லாது, ஊர் தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீளம் வேற வேற இருக்கிற ரெண்டு வெக்டரைக் கூட்டினா எரர் வரணும்தானே, எனக்கு வரலையே?

வராது. சின்ன வெக்டரைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆர் நிரப்பிக்கொள்ளும். முதல் பாடத்திலேயே சி(1, 2, 3, 4) + சி(0, 10) என்று ஒரு கேள்வி இருக்கிறது, விடை 1, 12, 3, 14. பெரியதன் நீளம் சின்னதன் நீளத்தால் சரியாக வகுபடாவிட்டால் மட்டும் எச்சரிக்கை வரும். அப்படியென்றால் 12 மாத மழையோடு தெரியாமல் 4 எண்ணைக் கூட்டினால் ஒரு எச்சரிக்கையும் வராமல் தவறான விடை வரும். கூட்டுவதற்கு முன் லெங்த் போட்டுப் பார்க்கிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஃபங்க்ஷன்ஸ் பாடத்துல வேற ஒரு ஃபைல் திறக்குது. அதுல எழுதிட்டேன், ஆனா ஒண்ணும் நடக்கல.

அந்தப் பாடத்தில் மட்டும் முறை மாறும். திறக்கிற ஃபைலில் எழுதி, சேமித்துவிட்டு, கன்சோலுக்கு வந்து சப்மிட்() என்று அடிக்க வேண்டும். சேமிக்காமல் சப்மிட் போட்டால் பழையதைத்தான் எடுத்துக்கொள்ளும். குழப்பிவிட்டீர்கள் என்றால் ரீசெட்() அடித்தால் ஃபைல் முதலில் இருந்த நிலைக்கு வந்துவிடும்.

பாடம் முடிந்ததும் சொந்தமாக ஒரு ஃபங்க்ஷன் எழுதிப் பாருங்கள். நம்ம பக்கம் 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. மா கணக்கைக் கொடுத்தால் ஏக்கரைத் திருப்பித் தருவது ஒரே வரி, உள்ளே வந்ததை 3-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் தாத்தாவிடம் கேட்டு அவர் சொல்கிற நிலத்தைப் போட்டுச் சரிபாருங்கள்.

பாடம் முடிஞ்சதும் கோர்செராவில் கிரெடிட் வேணுமான்னு கேக்குது. என்ன சொல்லணும்?

நோ என்பதற்கான எண்ணை அடியுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் நடத்துகிற ஆர் ப்ரோகிராமிங் படிப்பில் சேர்ந்தவர்களுக்கான கேள்வி அது. சேராதவர்கள் யெஸ் சொன்னால் மின்னஞ்சல், டோக்கன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நோ சொன்னாலும் பாடம் முடிந்ததாகத்தான் கணக்கு.

அடுத்த கோர்ஸ்ல டிபிளையர் பாடம் எடுத்தா வார்னிங்கா வருது. நான் ஏதோ தப்பா பண்றேனா?

நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள், பாடம் பழையது. கெட்டிங் அண்ட் க்ளீனிங் டேட்டா என்ற அந்தப் பாடத்திட்டத்தை எழுதியபோது இருந்த டிபிளையர், டைடிஆர் என்ற இரண்டு பேக்கேஜ்களும் அதன் பிறகு நிறைய மாறிவிட்டன. டிபிஎல் அண்டர்ஸ்கோர் டிஎஃப் என்று பாடம் கேட்பதை டிபிளையர் 1.0.0-இலேயே ஒதுக்கிவிட்டார்கள், கேதர் என்று சொல்லிக்கொடுப்பதற்குப் பதில் இப்போது பிவட் லாங்கர் பயன்படுத்துகிறார்கள். வார்னிங் வந்தாலும் கட்டளை ஓடினால் தொடருங்கள், பாடத்தில் இருக்கிற யோசனை இன்றைக்கும் சரிதான். ஓடாமல் நின்றால் ஸ்கிப் போடுங்கள், இந்த இடத்தில் மட்டும் அதற்குத் தயங்க வேண்டாம்.

தம்பி, என் பொண்ணு இதைப் படிச்சா வேலை கிடைக்குமா? பைத்தான் படிக்கச் சொல்றாங்களே?

சாஃப்ட்வேர் கம்பெனி வேலைதான் குறி என்றால் பைத்தானோ ஜாவாவோ படிக்கட்டும், ஆர் அதற்குச் சுற்று வழி. புள்ளியியல், வேளாண் ஆராய்ச்சி, உயிரியல், பொதுசுகாதாரம், பொருளாதாரம் பக்கம் போகிற பிள்ளைக்கு ஆர் உடனே கைகொடுக்கும், முதுகலை புராஜெக்ட்டிலேயே தேவைப்படும். ஸ்விர்ல் முடித்தால் மட்டும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் ஐயா, அது ஆரம்பம். ஒன்றை ஒழுங்காகக் கற்றால் மற்றது பாதி நேரத்தில் வரும், அதனால் எதில் தொடங்கினாலும் வீணாகாது.

இப்பதான் ஏஐ இருக்கே அண்ணா, கேட்டா அதுவே எழுதிக் கொடுக்குதே?

கொடுக்கும். ஆனால் கொடுத்தது சரியா என்று பார்க்க உங்களுக்குத் தெரிய வேண்டும். மேலே மழைக் கணக்கில் சொன்ன 10-ம் 12.5-ம் இரண்டுமே எரர் இல்லாமல் வருகிற விடைகள், எது சரி என்பது மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். எரர் செய்தியை விளக்கச் சொல்லி ஏஐயிடம் கேளுங்கள், அதற்கு அது அருமையான துணை. ஸ்விர்ல் கேள்விக்கான விடையை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், உங்கள் விரல் பழகுவதற்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது.

எங்க காலேஜ் லேப்ல நெட் சரியா வராது. எல்லாக் கணினியிலும் எப்படிப் போடுறது?

ஸ்விர்ல் பேக்கேஜையும் அது சார்ந்திருக்கிற மற்ற பேக்கேஜ்களையும் நிறுவும்போது இணையம் வேண்டும், ஒரு மத்தியானம் யாருடைய போன் ஹாட்ஸ்பாட்டையாவது வைத்து ஒவ்வொரு கணினியாக முடித்துவிடுங்கள். பாடத்திட்டங்களை ஒரே ஒரு தடவை ஜிப் கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் போதும், இன்ஸ்டால் கோர்ஸ் ஜிப் என்ற கட்டளைக்கு அந்தக் கோப்பின் இடத்தைக் கொடுத்தால் நெட் இல்லாமலே ஏறிவிடும். சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் வரும்.

தமிழ்ல பாடம் நாமளே எழுத முடியுமா?

முடியும், அதற்கென்றே ஸ்விர்லிஃபை என்று தனி பேக்கேஜ் இருக்கிறது. பாடம் என்பது யாமல் வடிவத்தில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு கேள்விக்கும் என்ன சொல்ல வேண்டும், சரியான விடை எது, தவறினால் என்ன குறிப்பு என்று எழுதிக்கொண்டே போகலாம். தமிழ் எழுத்து கெடாமல் இருக்கக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள். முழுப் பாடத்திட்டத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி நண்பர்களுக்கு அனுப்பலாம், அவர்கள் இன்ஸ்டால் கோர்ஸ்() என்று அடைப்புக்குறியைக் காலியாக விட்டு அடித்தால் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

15 பாடத்தையும் முடித்தவர்கள் இதில் கை வையுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். பெரிதாக வேண்டாம், ஒரு பாடம், பத்துக் கேள்வி. கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் வரம்பு. 16, 19, 17, 22 என்று நான்கு மூட்டையின் ஈரப்பதத்தைக் கொடுத்து, எத்தனை மூட்டை வரம்பைத் தாண்டியது என்று ஒரே வரியில் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கேள்வி வையுங்கள். விடை 2. வெக்டரை 17-ஐவிடப் பெரியதா என்று ஒப்பிட்டு, வருகிற ட்ரூ ஃபால்ஸை சம் போட்டுக் கூட்ட வேண்டும். குறிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், அந்த இடத்தில் நீங்கள் எங்கே தடுமாறினீர்களோ அதை எழுதுங்கள்.